ஆஜருக்கு நின்ற கப்பல்

ராயபுரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர்களில் ஹபீபுல்லா அளவுக்கு வாயாடி கிடையாது. அவர் அளவுக்கு இளகின மனசுக்காரரும் கிடையாது. சவாரி ஏறினவரோடு வண்ணாரப்பேட்டை வரைக்கும் வம்பளந்துகொண்டே போவார். வழியில் மேடு வந்துவிட்டால், குதிரையைக் காட்டி, "எறங்கு நைனா, எறங்கு. அவளுக்கு மூச்சு வாங்குது, தெர்ல?" என்று ஆளை இறக்கி நடக்க விடுவார். ஏறினவர் கத்துவார். இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! அந்த இளகின மனசுதான் பிற்பாடு ஓர் உயிரைக் குடித்தது. கெட்டவன் செய்த கெடுதல் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவருடைய குதிரையின் பெயர் பீங்கான். வெள்ளைப் பெட்டைக் குதிரை. மூக்கின் மேல் மட்டும், பீங்கான் தட்டில் பூச்சு பெயர்ந்த மாதிரி, ஒரு கறுப்புத் திட்டு. யுத்தம் முடிந்து பட்டாளத்துக் குதிரைகளை ஏலம் விட்டபோது ஹபீபுல்லாவும் அவருடைய தோஸ்து ஸ்டானிஸ்லாஸும் சேர்ந்து போய் ஆளுக்கு ஒன்று ஓட்டி வந்தார்கள். ஸ்டானிஸ்லாஸுக்குக் காசிமேடு. குடும்பமே கடலில் வலை போட, படகில் ஏறினாலே குடல் வெளியே வந்துவிடும் என்று கரையில் குதிரை ஓட்ட வந்தவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் ரத்தம் விடுமா? தன் குதிரைக்குக் கப்பல் என்று பெயர் வைத்தான். கப்பலும் வெள்ளை, கப்பலும் பெட்டை, இரண்டும் ஒரே உயரம். மூக்குத் திட்டு ஒன்றுதான் வித்தியாசம். ரயிலடியில் இரண்டையும் அக்கா தங்கச்சி என்பார்கள்.

ஜட்காக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்சுக்காகக் குதிரையை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்கு ஆஜர் என்று பேர். அன்றைக்குப் பார்த்து உன் குதிரை நொண்டினாலோ, தோளில் புண் இருந்தாலோ, கூட்டாளியின் குதிரையை வாங்கிக்கொண்டு போய் நிறுத்தலாம். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வேண்டிய இடத்தில் ஒரு திட்டு போட்டால் போதும், அதிகாரி கண்ணில் அதே விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆஜர் மாத்தறது என்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது. அதுதான் கூட்டாளிக்கு மரியாதை. பீங்கானுக்குக் கால் வீங்கியிருந்த ஒரு வருஷம் கப்பல் போய் நின்று, காதை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தது. சும்மா நிற்பதில் என்ன நஷ்டம்?

அந்தக் காலத்தில் தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய் மில் இருந்தது. ஒரு பக்கம் கடலை ஆட்டுவார்கள், இன்னொரு பக்கம் ஆமணக்கு. கடலைப் புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு எருவாகப் போகும். ஒரு தடவை கோணி மாறிப் போய்விட்டது. பால்கார வேலப்பனின் இரண்டு எருமைகளும் அதைத் தின்று, கழிச்சல் கண்டு, முனகிக்கொண்டே செத்தன. அன்றைக்கு வேலப்பனை வண்டியில் ஏற்றி வந்தது ஹபீபுல்லாதான். வழி நெடுக வேலப்பன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

"வெளக்கெண்ணய கொயந்திங்களுக்கே குடுக்கறோமே பாய். அதோட சக்கையில இன்னா வெசம் கீது?"

ஹபீபுல்லா வண்டியை நேராக மாட்டு டாக்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பதில் சொன்னவர் அந்த டாக்டர், சுயம்பு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வைத்தியம் பார்த்தவர். எண்ணெயில் விஷம் இறங்காது, அவ்வளவும் சக்கையிலேயே நின்றுவிடும் என்றார். தின்ற மாட்டுக்கு மருந்து கிடையாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே சீமையில் ஒருவர் எலிகளை வைத்துச் செய்து பார்த்த ஒரு வழி அவர் படித்த படிப்பில் இருந்தது. அந்த விஷத்தையே எடுத்து, சாகாத அளவில் துளியாக ஏற்ற வேண்டும். உடம்பு முழித்துக்கொண்டு, அந்த விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற ஒரு முறிவைத் தன் ரத்தத்தில் தானே செய்துகொள்ளும். அளவைக் கூட்டக் கூட்ட முறிவும் கூடும். பிறகு அந்த ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கிற தெளிவை எடுத்து, ஆமணக்குச் சக்கை தின்ற மாட்டுக்கு ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. அதற்கு ரத்தம் நிறைய உள்ள பிராணி வேண்டும். குதிரை வேண்டும்.

"வண்டி இழுக்க வேண்டாம் பாய். வேளைக்குத் தீவனம், நிழல்லே நிப்பு. நீரும் கூடவே இருந்து பாத்துக்கிடும்," என்றார் டாக்டர். வேலப்பனின் எருமைகள் ஹபீபுல்லாவின் கண்ணிலேயே நின்றன. சரி என்று பீங்கானைக் கொட்டகையில் கட்டினார்.

ஊசி போட்ட முதல் நாளே அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கழுத்தில் மயிரைச் சிரைத்து ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியது. பீங்கான் கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாளில் தேறினாள். அடுத்த ஊசி. மறுபடியும் வீக்கம். வீட்டில் மனைவி அஜீசா பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சே வெசத்த ஏத்துறீங்களே, உங்களுக்கு மனசு எப்டிங்க வருது? வாயில்லாத ஜீவன். அல்லா பொறுப்பானா?"

ஹபீபுல்லா அந்த நிமிஷமே கிளம்பினார். டாக்டரிடம் போய் நின்றார். டாக்டர் சிரித்தார். "பயப்படாதீரும் பாய். பழகிக்கிடும்."

அந்த வார்த்தைதான் வினை. ஜட்கா உலகத்தில் அதைவிடக் கேவலமான வார்த்தை வேறு கிடையாது. புண்ணான தோளில் பட்டையை இறுக்குகிறவன் பழகிடும் என்பான். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு சாட்டையை எடுக்கிறவனும் அதையே சொல்வான். எத்தனை குதிரைகள் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே ரோட்டில் விழுந்து செத்ததை ஹபீபுல்லா பார்த்திருக்கிறார்! டாக்டர் வாயில் அது சத்தியமான வார்த்தை என்று அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டரும் உட்கார வைத்து விளக்கவில்லை. படித்தவர்களுக்குத் தங்களுக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

ஹபீபுல்லா தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டார். விஷம் பானையில் தண்ணீர் மாதிரி பீங்கானுக்குள் ஏறிக்கொண்டே வருகிறது. என்றைக்கோ ஒரு நாள் வழியும், அன்றைக்கு அவள் சாய்வாள். மூலகொத்தளத்து மேட்டில் களைத்த குதிரையின் பாரத்தை ஒரு நடைக்குக் களைக்காத குதிரை எடுத்துக்கொள்வதில்லையா? அந்த மாதிரி ஓர் ஊசி, ஒரே ஓர் ஊசி, வேறொருத்தி வாங்கிக்கொண்டால் பீங்கானுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இவ்வளவு ஊசியை இவள் தாங்கினாள் என்றால், ஒன்றுமே வாங்காத உடம்பு ஒன்றைத் தாங்காதா? நியாயம் மாதிரிதான் இருக்கிறது, இல்லையா? உள்ளது அப்படியே தலைகீழ்.

மழைக்காலம் முடிகிற சமயம் டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "அடுத்த ஊசிதான் எல்லாத்துலயும் பெரிசு. அது முடிஞ்சா ரத்தம் எடுத்துறலாம்." ஹபீபுல்லாவின் காதில் பெரிசு என்ற ஒரு சொல்தான் விழுந்தது. நேராக ரயிலடிக்குப் போனார். ஸ்டானிஸ்லாஸ் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"லாசு, நாளைக்கு ஒரு ஆஜரு. கப்பலக் குடு."

"இட்டுனு போ மாமு," என்றான் ஸ்டானிஸ்லாஸ், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலை, எண்ணூர் உப்பளத்து மாட்டுக்கு முடியவில்லை என்று டாக்டர் போய்விட்டார். மருந்தை அளந்து ஊசியில் ஏற்றி, கம்பவுண்டர் தண்டபாணியிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். விடியுமுன்பே ஹபீபுல்லா பீங்கானை வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, கப்பலின் மூக்கில் கரித் திட்டு போட்டு, கழுத்தைச் சிரைத்து, அவள் இடத்தில் நிறுத்தியிருந்தார். தண்டபாணிக்கு மூக்கில் கறுப்புத் திட்டு தெரிந்தது, கழுத்தில் சிரைத்த இடம் தெரிந்தது. வேறு எதைப் பார்க்கப் போகிறார்? கப்பல் ஆஜருக்கு நிற்கிற மாதிரியே சமர்த்தாக நின்றது. ஊசி இறங்கினபோது உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அப்புறம் ஹபீபுல்லாவின் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று மூக்கால் நெம்பித் தேடியது. வெல்லம் இருந்தது. கொடுத்தார். திட்டைத் துடைத்துவிட்டு மத்தியானத்துக்குள் கப்பலை ஸ்டானிஸ்லாஸிடம் கொண்டுபோய் விட்டார்; பீங்கானைக் கொட்டகைக்குத் திருப்பினார். பீங்கான் தப்பித்தாள் என்று அவருக்கு நெஞ்சே லேசாகிவிட்டது.

சாயங்காலம் ரயிலடியில் ஸ்டானிஸ்லாஸ் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமு, இன்னாத்துக்கு ஆஜருன்னு நான் கேக்கல, கழுத்துல ஏன் செரச்சன்னும் கேக்கல. ஆனா வந்ததுலேர்ந்து இவ கொள்ள மோந்துகூட பாக்கல. வேர்த்துக்கினே கீறா. எதுனா துன்னாளா அங்க?"

அவன் கேட்டது அவ்வளவுதான். உள்ளதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. டாக்டர் உப்பளத்திலிருந்து திரும்பியிருப்பார். பத்து நிமிஷத்தில் ஓடிப் போயிருக்கலாம். ஹபீபுல்லாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்காமல் கொடுத்த கூட்டாளியிடம், உன் குதிரைக்கு விஷ ஊசி போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பீங்கானும் இப்படித்தானே தீவனத்தைத் தொடாமல் நின்றாள், இரண்டு நாளில் தேறினாளே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

"வெயில்டா லாசு. தண்ணி காட்டு, சரியாப்பூடும்," என்றார்.

மழைக்காலம் முடிந்த மாசத்தில் என்ன வெயில்? ஸ்டானிஸ்லாஸ் அதையும் நம்பினான்.

விடிந்ததும் ஹபீபுல்லா போய்ப் பார்த்தார். கப்பல் நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. வயிறு ஏறி இறங்கியது, கால் தள்ளாடியது. அவ்வளவுதான், செருப்பை அங்கேயே விட்டுவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு ஓடினார். டாக்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஹபீபுல்லா காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

டாக்டருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கினதும் முகம் வெளுத்துவிட்டது.

"எப்போ போட்டது?"

"நேத்து காலைல சார்."

"அட பாவி மனுசா! அது பீங்கானுக்கு அளந்த ஊசில்லா! அவளுக்கு அது தூசு. அவ ரத்தத்துலே முறிவு நெறைஞ்சு கெடக்கு, நாலு குதிரை சாகுற வெசத்தையும் பிடிச்சுக் கெட்டிப்போடும். பழகாத குதிரைக்கு அது எமன்வே! பழகிக்கிடும்னு உம்ம கிட்டே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார். அந்த வார்த்தைய நான் நம்பல."

டாக்டர் அதற்கு மேல் திட்டவில்லை. போன வாரம் பீங்கானிடம் பார்வைக்காக எடுத்த கொஞ்சம் ரத்தத்தின் தெளிவு ஒரு சின்னப் புட்டியில் இருந்தது. மங்கின மஞ்சள் நிறம். அதை எடுத்துக்கொண்டு பீங்கானையே வண்டியில் பூட்டி இரண்டு பேரும் பறந்தார்கள். அன்றைக்கு ஹபீபுல்லா மேட்டில் யாரையும் இறக்கவில்லை. பெரிய ஊசிக்குத் தயாராக இருந்த அந்தக் குதிரை, தங்கச்சியைப் பார்க்க நாலு கால் பாய்ச்சலில் போனாள்.

ஸ்டானிஸ்லாஸ் கப்பலின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் புட்டியில் இருந்தது மொத்தத்தையும் ஏற்றினார். ஊசியை எடுத்த பிறகும் அவர் கை கழுத்திலேயே இருந்தது.

"பொழைச்சிடுவாளா சார்?" என்று கேட்டான் ஸ்டானிஸ்லாஸ்.

"ரயிலடியிலே ஒருத்தனைப் பிடிக்கணும்னா, அவன் வண்டியிலே ஏறுறதுக்கு முன்னாலே பிடிக்கணும் தம்பி. இது அப்படித்தான். வெசம் ரத்தத்துலே ஓடிட்டு இருக்கும்போது இந்த முறிவு பிடிச்சிரும். உள்ளே ஏறி உக்காந்துட்டுன்னா கை எட்டாது. நேத்தே போட்டிருந்தா..."

ஸ்டானிஸ்லாஸ் திரும்பி ஹபீபுல்லாவைப் பார்த்தான்.

"இன்னா வெசம் மாமு?"

ஹபீபுல்லா சொன்னார். ஆஜர் மாற்றினதை, பீங்கானைக் காப்பாற்ற நினைத்ததை, சாயங்காலம் வெயில் என்று சொன்னது பொய் என்பதை. ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய நேரமெல்லாம் முடிந்துபோயிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அடிப்பான் என்று எதிர்பார்த்தார், அடிக்கட்டும் என்று கிட்டே போய் நின்றார். அவன் அடிக்கவில்லை. "ஒரு வார்த்த," என்றான். "சாயங்காலம் ஒரு வார்த்த." அவ்வளவுதான் வந்தது, பிறகு அழ ஆரம்பித்துவிட்டான்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்துக்குக் கப்பல் படுத்தது. எழுந்திருக்கவில்லை. பீங்கான் வெளியே வண்டியோடு நின்று கனைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஹபீபுல்லா பீங்கானைக் கையில் பிடித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார். கடிவாளத்தை ஸ்டானிஸ்லாஸின் கையில் வைத்தார். ஸ்டானிஸ்லாஸ் அவள் மூக்குத் திட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கடிவாளத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"இட்டுனு போ. அவ ரத்தத்துல கீறது என் கப்பலுக்கு ஆவல. வேற எதுக்குனா ஆவட்டும்."

அதற்குப் பிறகு அவன் ஹார்பரில் கரி சுமக்கப் போனான். ரயிலடிப் பக்கம் வருவதில்லை. எதிரே வந்தால் ஹபீபுல்லாவே சந்தில் திரும்பிவிடுவார். ராயபுரத்து வாயாடிக்குப் பேச்சே அடங்கிவிட்டது. வண்டியை விற்றுவிட்டு டாக்டரின் கொட்டகையோடு இருந்துவிட்டார். ஊசி போடுகிற நாளில் முன்னெல்லாம் வேறு பக்கம் திரும்பி நிற்பவர், இப்போது கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டு நேராகப் பார்ப்பார். "பழகிடுச்சும்மா, உனக்குப் பழகிடுச்சு," என்று அவள் காதில் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். டாக்டரும் ஓர் ஊசியைக்கூட அதற்கப்புறம் கம்பவுண்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனதில்லை. எதற்காக என்ன போடுகிறோம் என்று தண்டபாணிக்கும் ஹபீபுல்லாவுக்கும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் புட்டியைத் திறப்பார். பீங்கானின் ரத்தத் தெளிவு சின்னச் சின்னப் புட்டிகளில் ஐஸ் பெட்டியில் காத்துக்கிடந்தது.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை, பல் விளக்காத வாயோடு வேலப்பன் கொட்டகைக்குள் ஓடி வந்தார். எருமைகள் போன பிறகு கடன் உடன் பட்டு ஒரே ஒரு கறவைப் பசு வாங்கியிருந்தார்.

"சார், பசு அவுத்துக்கினு போயி வயலுக்குப் போற மூட்டையில வாய வச்சிடுச்சு! நான்தான் சார் கவுத்த சரியா கட்டல. என் தப்புதான். இப்பதான், இப்பதான் துன்னுது!"

டாக்டர் சட்டைகூடப் போடவில்லை. ஹபீபுல்லா ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். பசு அன்றைக்குப் பூரா தள்ளாடியது, கழிந்தது, தீவனத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது. ஹபீபுல்லா தொழுகைக்குப் போனது தவிர அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, வேலப்பனின் மனைவி நீட்டின அகத்திக்கீரையை நாக்கைச் சுழற்றி இழுத்தது. வேலப்பன் அழுதுகொண்டே சிரித்தார்.

ஹபீபுல்லா அங்கிருந்து நேராகக் காசிமேட்டுக்கு நடந்தார். இந்தத் தடவை எந்தச் சந்திலும் திரும்பவில்லை. ஸ்டானிஸ்லாஸ் கரி படிந்த உடம்பைத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்துச் சொம்பைக் கீழே வைத்தான்.

"வேலப்பன் பசு பொழச்சிக்கிச்சுடா லாசு," என்றார் ஹபீபுல்லா. "ஆமணக்குச் சக்க துன்னுட்டு. பீங்கான் ரத்தத் தண்ணிதான் போட்டாங்க."

ஸ்டானிஸ்லாஸின் கையில் இருந்த சோப்பு நுரை காய்ந்துபோயிற்று.

"நேரத்துக்குப் போட்டாங்களா?"

"போட்டாங்க. துன்ன ஒடனே ஓடியாந்து சொல்லிட்டான். என் தப்புதான்னு அவனே சொன்னான்."

ஸ்டானிஸ்லாஸ் தலையை ஆட்டினான். சொம்பை எடுத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். தண்ணீர் வடிகிற முகத்தோடு சொன்னான்:

"நல்ல மனுசன் மாமு, வேலப்பன்."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் காதில் விழுந்த மாமு அது. வார்த்தை எங்கே குத்த வேண்டுமோ அங்கேதான் குத்தியது. ஹபீபுல்லா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.